சாமி மாட்டிய கதவு

20 ஜனவரி 2025, திங்கள்

இந்த வருஷத்து நினைவு நாள் நோட்டீஸ் எழுதி முடித்தேன். இது முப்பத்தேழாவது. முதல் வரியை நான் ஒருநாளும் மாற்றியதில்லை: “பூட்டிய கதவு பதினோரு பேரைக் கொன்றது.” அச்சகத்துக்காரர் வருஷா வருஷம், “கொஞ்சம் பதமாப் போடலாமுங்களே மாஸ்டர்” என்பார். பதமாகப் போட இது கல்யாணப் பத்திரிகையா?

என் காலத்துக்குப் பிறகு யாராவது இந்த நோட்டைப் புரட்டினால் விளங்க வேண்டும் என்பதற்காக எழுதிவைக்கிறேன். 1988 பிப்ரவரி 19, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தே முக்காலுக்கு, திருப்பூரில் நான் கட்டிங் மாஸ்டராக இருந்த பனியன் கம்பெனி எரிந்தது. கீழே குடோன், மேலே தையல் ஹால். ஹாலுக்கு இரண்டு கதவு. முன்கதவைத் தாண்டினால் மாடிப்படி. அந்தப் படிக்கு அடியில் கட்டிங் வேஸ்ட் துணி மூட்டைகளைக் கூரை முட்ட அடுக்கியிருந்தார்கள். தீ அதில்தான் பிடித்தது. பின்கதவைத் திறந்தால் இரும்புப் படி வழியாகச் சந்தில் இறங்கலாம். ஆனால் தைத்த பீஸ் திருட்டுப் போகிறது என்று முதலாளி அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் பூட்டுப் போட்டிருந்தார். எல்லோரும் ஒரே வழியில் வந்தால்தானே வாட்ச்மேன் டிபன் பையைத் துழாவ முடியும்.

இறந்தது பத்துப் பெண்கள், ஒரு அயர்ன் மாஸ்டர். அந்தப் பெண்களில் ஒருத்தி துளசிமணி, என் மனைவி பூவாத்தாளின் தங்கை. வயது பத்தொன்பது. அவளை வேலைக்குச் சேர்த்துவிட்டவன் நான். தீப்பிடித்த நேரம் நான் வெளியே போயிருந்தேன்.

விசாரணை நடந்தது. அறிக்கையை யாருக்கும் காட்டவில்லை. “தொழிலாளர்கள் பதற்றத்தில் பின்கதவைப் பயன்படுத்த முயலவில்லை” என்று பேப்பரில் ஒரு வரி மட்டும் வந்தது. அந்த ஒரு வரியோடுதான் என் சண்டை. மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொழிற்சாலைச் சட்டத்தை எழுத்தெழுத்தாகப் படித்தேன். தீப்பிடித்தால் வெளியேறும் வழி பற்றிய முப்பத்தெட்டாவது பிரிவைப் பாதித் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இந்த வட்டாரத்தில் நாற்பத்தொரு கம்பெனிகளில் பின்கதவுப் பூட்டைக் கழற்ற வைத்திருக்கிறேன். இதை வீம்பு என்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

22 ஜனவரி, புதன்

ஒன்பது நாள் கழித்துக் குழாயில் தண்ணீர் வந்தது. டிரம் இரண்டும் நிரம்புவதற்குள் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுக்காரன் மோட்டார் வைத்து இழுக்கிறான். வார்டு ஆபீசுக்கு இன்னொரு மனு எழுத வேண்டும்.

பழைய முதலாளியின் மகன் மோகனசுந்தரம் போன் செய்தான். அப்பா செத்த பிறகு அவன்தான் வேறிடத்தில் புதுக் கம்பெனி நடத்துகிறான்.

“மாஸ்டர், அப்பா காலத்துச் சண்டை அப்பாவோடயே போகட்டுமுங்க. அடுத்த மாசம் பத்தொம்பதாந்தேதி நம்ம கம்பெனீல பாதுகாப்பு நாள் வெக்கறோம். நீங்க வந்து பேசோணும்.”

முப்பத்தேழு வருஷத்தில் அந்தக் குடும்பத்துக்காரன் என்னை உள்ளே கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. பேசுகிறேன், ஆனால் அதற்கு முன்னால் கட்டடத்தை நான் சுற்றிப் பார்க்க வேண்டும் என்றேன். ஒப்புக்கொண்டான்.

பூவாத்தாளிடம் சொன்னேன். “கூப்பட்டவன் வூட்ல போயிச் சட்டம் பேசாதீங்க” என்றாள். அங்கே வேறு எதைப் பேசுவது?

24 ஜனவரி, வெள்ளி

கம்பெனியைப் பார்த்து வந்தேன். குறை சொல்லியே பழகியவன் நான். ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். படிக்கட்டு அகலம். தீயணைப்பு சிலிண்டர்களில் தேதி சரியாக இருக்கிறது. வேஸ்ட் மூட்டைகள் தனி ஷெட்டில். பின்கதவுக்குப் பூட்டு இல்லை, வெளியே இரும்புப் படி உறுதியாக இருக்கிறது.

ஆனால் உள்ளே, ஹால் பக்கம், கதவே தெரியவில்லை. குறுக்கே ஒரு பலகை. பலகையில் முருகன், லட்சுமி, ஓரத்தில் வேளாங்கண்ணி மாதா. மாலை, சீரியல் பல்பு, விபூதித் தட்டு. வெள்ளிக்கிழமை என்பதால் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. நூற்று நாற்பது பேர் வேலை செய்யும் ஹால் அது.

“இது என்ன?” என்றேன்.

மோகனசுந்தரம் சிரித்தான். “என்னையக் கேக்காதீங்க மாஸ்டர். நான் எடுங்கன்னு மூணு தடவ சொல்லிப்போட்டேன். லேபர்தான் உட மாட்டேங்கறாங்க.”

லைன் சூப்பர்வைசர் பேச்சியம்மாள் என்று ஒரு பெண் முன்னால் வந்தாள். தேனிப் பக்கத்துக்காரி, நாற்பது வயதிருக்கும், கழுத்தில் இஞ்ச் டேப்.

“எங்குட்டுங்கய்யா வைக்கச் சொல்றீங்க? முன்னால வச்சா போற வாரவுக கால் படுது. அயர்ன் டேபிள்கிட்ட வச்சா சூடு. மனுச கால் படாத எடம் இந்த ஒண்ணுதான்.”

“கால் படறதுக்குத்தான் அம்மிணி கதவு வெச்சிருக்கறது.”

“போன வருசம் எடுத்தோம். மறுநாளே ஒரு பிள்ளை கையில ஊசி ஏறிப்போச்சு. நீங்க வந்து தச்சு விட்டீங்களா?”

தையல் நின்று ஹாலே சிரித்தது. முப்பத்தெட்டாவது பிரிவைச் சொன்னேன். “அது யாரு, உங்க சொந்தக்காரரா?” என்று யாரோ கேட்டார்கள். இன்னும் பெரிய சிரிப்பு.

பலகையைக் கிட்டே போய்ப் பார்த்தேன். இரட்டைக் கதவின் இரண்டு பாதியையும் சேர்த்து ஸ்க்ரூ முடுக்கியிருந்தார்கள். ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. வேலை தெரிந்தவன் செய்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன் போலிருக்கிறது. மோகனசுந்தரம் நாற்காலி கொண்டுவரச் சொன்னான். வெயில்தான். வேறொன்றுமில்லை.

25 ஜனவரி, சனி

பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது. வாங்கப் போகவில்லை.

28 ஜனவரி, செவ்வாய்

பத்தரை மணி டீ நேரத்துக்குக் கம்பெனி வாசலுக்குப் போய்ப் பேச்சியம்மாளிடம் மறுபடி பேசினேன்.

“நூத்தி நாப்பது பேரு உசுரு அம்மிணி.”

“அதுக்குத்தானே சாமி நிக்குது.”

“சாமி நிக்கட்டும். கதவு மேல நிக்க வேண்டாம்.”

அவள் டீயை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள். “அய்யா, நீங்க கும்புடற ஆளா?”

இல்லை என்றேன். அந்தத் தீக்குப் பிறகு நான் கும்பிடுவதில்லை. எனக்கும் சேர்த்துப் பூவாத்தாள் கும்பிடுகிறாள்.

“அப்ப உங்களுக்குச் சொன்னாலும் வெளங்காது. கும்புடாதவுக சொல்லி சாமிய எடுத்தோம்னு நாளைக்கு ஊரெல்லாம் பேசுவாளுக” என்று போய்விட்டாள்.

முதலாளிகளோடு சண்டை போட்டுத்தான் எனக்குப் பழக்கம். தொழிலாளிகளோடு சண்டை போட நான் படித்த புத்தகம் எதுவும் உதவவில்லை.

3 பிப்ரவரி, திங்கள்

பதிவுத் தபால் வந்தது. 1988 விசாரணை அறிக்கையின் நகல். தகவல் உரிமைச் சட்டத்தில் பதினாலு மாதத்துக்கு முன்னால் போட்ட மனு, இரண்டு மேல்முறையீடு. கோப்பு இல்லை என்றார்கள், கரையான் தின்றுவிட்டது என்றார்கள். கடைசியில் கொடுத்தார்கள். இந்த ஊரில் அந்த அறிக்கையைக் கையில் வாங்கிய முதல் தொழிலாளி நான்.

தபால்காரர், “என்னங்க மாஸ்டர், பென்சனா?” என்றார். “அதைவிடப் பெருசு” என்றேன்.

சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படிக்க வேண்டும். நாற்பத்திரண்டு பக்கம்.

4 பிப்ரவரி, செவ்வாய்

பதினேழாம் பக்கம் வரை படித்தேன்.

5 பிப்ரவரி, புதன்

மிக்ஸியைப் பிரித்து சுத்தம் செய்தேன். ரேஷன் கடைக்குப் போனேன். துவரம்பருப்பு வரவில்லை. வார்டு ஆபீசுக்கு மனு எழுதினேன். சாயங்காலம் ஈ.பி. பில் அட்டையைத் தேடினேன், கிடைத்தது.

6 பிப்ரவரி, வியாழன்

பதினேழாம் பக்கத்தை அப்படியே எழுதுகிறேன்.

“பின்கதவின் வெளிப்புறத்தில் பூட்டு எதுவும் காணப்படவில்லை. தொழிற்சாலை ஆய்வாளரின் உத்தரவுப்படி 1987 ஜூன் மாதம் அது அகற்றப்பட்டதாக உரிமையாளர் தரப்பில் ஆவணம் காட்டப்பட்டது. தீயணைப்புப் படையினர் வெளியிலிருந்து கதவை உடைத்துத் திறந்துள்ளனர். உட்புறத்தில் மூன்றரை அடி நீளமுள்ள தேக்குப் பலகை ஒன்று கதவின் இரு பாதிகளையும் இணைத்து ஆறு திருகாணிகளால் பொருத்தப்பட்டிருந்தது. உட்புறத் தாழ்ப்பாள் திறந்த நிலையில் இருந்தது. கதவை ஒட்டி உடல் எண் 7 கிடந்தது.”

அந்தப் பலகையை அடித்தவன் நான்.

1986-இல் முதலாளி பூட்டுப் போட்டார். பூட்டிய கதவு சும்மாதானே கிடக்கிறது, யார் காலும் படாத இடம் என்று நான்தான் சொன்னேன். கட்டிங் டேபிள் மாற்றும்போது மிஞ்சிய தேக்கு. மூன்றங்குல ஸ்க்ரூ. சோப்புத் தடவி முடுக்கினேன், அப்போதுதான் ஆழமாக இறங்கும். ஒரு ஆள் தொங்கினாலும் தாங்கும் என்று தொங்கியே காட்டினேன். முதலாளியே வந்து தேங்காய் உடைத்தார். வெள்ளிக்கிழமை தோறும் பூஜை என் பொறுப்பு. அன்றைக்கு வெளியே போனதும் கற்பூரமும் கதம்பமும் வாங்கத்தான்.

பலகை இருந்ததை நான் மறக்கவில்லை. ஆனால் வெளியே பூட்டு இருக்கும்போது உள்ளே பலகை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? முப்பத்தேழு வருஷமாக அந்தக் கணக்கில்தான் நான் சோறு தின்றேன். பூட்டைக் கழற்றியதை அவர்கள் எங்களிடம் சொல்லவில்லை. சந்துப் பக்கம் போய் நாங்களும் பார்க்கவில்லை. திறக்காத கதவைப் பற்றி யார் விசாரிக்கப் போகிறார்கள்?

இன்னொன்றும் எழுதியாக வேண்டும். பூவோடு நான் திரும்பி வந்தபோது படியெல்லாம் தீ. அயர்ன் மாஸ்டரின் தம்பி, “பின்னால ஓடலாம் வாங்க” என்று என் கையைப் பிடித்து இழுத்தான். “அது பூட்டியிருக்குதுடா” என்று சொல்லி அவனை நிறுத்தியவன் நான்.

ஆஸ்பத்திரியில் துளசிமணியை அடையாளம் காட்டியவனும் நான். அவள் கால் விரலில் கட்டியிருந்த அட்டையில் இருந்த எண் ஏழு.

7 பிப்ரவரி, வெள்ளி

இந்த அறிக்கையை என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. கேட்டு வாங்குகிற பொறுமை இந்த ஊரில் வேறு யாருக்கும் இல்லை.

8 பிப்ரவரி, சனி

பூவாத்தாள் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து பதினேழாம் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். அவளுக்கு ஆபீஸ் தமிழ் பிடிபடாது என்பதால் இரண்டு தடவை படித்தேன்.

“ஏழுன்னா நம்ம துளசிதானுங்களே?”

“ஆமா.”

“தாப்பாளத் தொறந்திருந்தாளா?”

“தொறந்திருக்கறா. அதுக்கு மேல பலக புடிச்சுக்கிச்சு.”

“நீங்க அடிச்ச பலக.”

“நான் அடிச்ச பலக.”

அவரைக்காயை முழுவதும் ஆய்ந்து முடித்தாள். நாரை எடுத்துக்கொண்டுபோய்க் கொட்டினாள். பொரியல் செய்து எனக்குப் போட்டாள். பேசவில்லை.

11 பிப்ரவரி, செவ்வாய்

தைப்பூசம். பூவாத்தாள் விடிய எழுந்து கோயிலுக்குப் போய் மத்தியானம் வந்தாள். விபூதியை என் பக்கம் நீட்டவில்லை. வருஷா வருஷம் நீட்டுவாள், நான் வேண்டாம் என்பேன்.

13 பிப்ரவரி, வியாழன்

மூன்று நாளாக ஒரே யோசனை. கடைசியில் ஒரு விஷயம் தெளிவாகப் புரிந்தது. “தொழிலாளர்கள் பின்கதவைப் பயன்படுத்த முயலவில்லை” என்று அந்த அறிக்கையின் முப்பத்தொன்பதாம் பக்கம் சொல்கிறது. பதினேழாம் பக்கம் தாழ்ப்பாள் திறந்திருந்தது என்கிறது. எழுதினவனே படித்துப் பார்க்கவில்லை. புகைக்குள், கண் தெரியாமல், அது கதவு என்று எல்லோரும் மறந்துபோன இடத்தில், ஒருத்தி அது கதவுதான் என்று கண்டுபிடித்துத் தாழ்ப்பாளை இழுத்திருக்கிறாள். அந்தப் படங்களைத் தினமும் துடைத்து விளக்கு வைத்தவள் துளசிமணிதான். தாழ்ப்பாள் இருக்கும் இடம் அவளுக்குத் தெரியும்.

முயலவில்லை என்று எழுதியது பொய். நான் சரியாகத்தான் சண்டை போட்டிருக்கிறேன். பாதி தப்பான காரணத்தோடு.

14 பிப்ரவரி, வெள்ளி

மோகனசுந்தரத்தின் ஆபீசுக்குப் போய் அறிக்கையை மேஜைமேல் வைத்தேன். படித்தவன் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை.

“மாஸ்டர், எங்கப்பா சாகற வரைக்கும் பூட்டு பூட்டுன்னு ஊரு பேசுனதக் கேட்டே செத்தாருங்க. நீங்க பெரிய மனுசன். இத நீங்களே மேடையில சொல்லிப்போடுங்க.”

“சொல்லத்தான் வந்தேன். பலக என்னுது. படிக்கு அடீல அடுக்குன மூட்ட உங்கப்பனுது. பூட்டக் கழட்டுனத எங்ககிட்டச் சொல்லாம வெச்சதும், ஒருநாளாச்சும் எல்லாரையும் அந்த வழியா எறக்கிப் பாக்காததும் உங்கப்பன்தான். ரெண்டையுஞ் சொல்லுவேன்.”

கையை விட்டான். “செத்தவர எதுக்குங்க மறுக்கா இழுக்கறீங்க?”

“செத்தவங்க பதினோரு பேரு இருக்கறாங்க தம்பி. உங்கப்பன் பன்னண்டாவது.”

கொஞ்சம் கடுமைதான். ஆனால் தப்பில்லை. “அப்ப நீங்க வர வேண்டாமுங்க, வேற ஆளப் பாத்துக்கறோம்” என்றான். அறிக்கையை எடுத்துக்கொண்டு வந்தேன்.

மேடை போனதற்கு வருத்தமில்லை. அந்தப் பலகை இன்னும் அங்கேயே இருக்கிறதே என்பதுதான் வருத்தம். அந்த ஹாலுக்குள் போக எனக்கிருந்த ஒரே சாவி அவன்தான். அவனையும் பகைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

17 பிப்ரவரி, திங்கள்

அச்சடித்து வந்த நோட்டீஸ் கட்டைப் பிரிக்காமல் பரண்மேல் போட்டேன். புதிதாக எழுதினேன். எழுதியதைக் கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துப் பார்ப்பது என் வழக்கம்.

“1988 தீயில் எரிந்த ஹாலின் பின்கதவுக்குக் குறுக்கே பலகை அடித்திருந்தவன் நான், சென்னியப்பன், கட்டிங் மாஸ்டர். சாமி படம் வைப்பதற்காக அடித்தேன். பூட்டு இல்லை என்பது எனக்குத் தெரியாது. தினம் திறக்காத கதவு சுவர்தான். படிக்கு அடியில் மூட்டை அடுக்க வைத்தவர் முதலாளி. கதவைச் சுவராக்கியவன் நான்.”

சமையல்கட்டிலிருந்து பூவாத்தாளின் குரல் வந்தது. ஒன்பது நாளுக்குப் பிறகு.

“துளசி பேரு எங்க?”

“என்ன?”

“உங்க பேரு இருக்குது. பலக இருக்குது. தாப்பாளத் தொறந்தவ பேரு எங்கீங்க?”

எழுதினேன். “தாழ்ப்பாளைத் திறந்தவள் துளசிமணி, வயது 19, பனியன் கை மடிப்பு வேலை.” மறுபடி படிக்கச் சொன்னாள். படித்தேன். “அதைய மேல போடுங்க” என்றாள். மேலே போட்டேன்.

அச்சகத்துக்காரர் முதல் வரியைப் படித்துவிட்டு இந்தத் தடவை பதமாகப் போடலாம் என்று சொல்லவில்லை.

18 பிப்ரவரி, செவ்வாய்

டீ நேரத்தில் கம்பெனி வாசலில் நின்று நோட்டீஸ் கொடுத்தேன். வாட்ச்மேன் விரட்டப் பார்த்தான். ரோடு பஞ்சாயத்துடையது என்றேன்.

பேச்சியம்மாள் வாங்கி நின்றபடியே படித்தாள். உதடு அசைந்தது. என்னைப்போலத்தான், பெரிய படிப்பில்லை. சுற்றி இருபது முப்பது பெண்கள் கூடிவிட்டார்கள்.

“இது நீங்களா?”

“நான்தான்.”

“எதுக்குய்யா அடிச்சீங்க?”

“சாமிக்கு அடிச்சேன்.”

அவள் காகிதத்தை மடித்தாள். “நாங்களும் சாமிக்குத்தானே அடிச்சோம்” என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

பிறகு அவளே சொன்னாள். “எடுக்கணும்னு வச்சுக்குவோம். யாரு எறக்குறது? நாளைக்கு எவளுக்காச்சும் ஒரு தலைவலி வந்தாலும் என்னையத்தான் கேப்பாளுக. உங்க கையால எறக்க விடமாட்டேன். நீங்க கும்புடாதவுக.”

மீதி நோட்டீசை மடித்துப் பையில் வைத்தேன். வீட்டுக்கு வந்து பூவாத்தாளிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள்.

“அந்தப் புள்ள சொல்றது நாயம்தான்” என்றாள். அவ்வளவுதான்.

19 பிப்ரவரி, புதன்

நிதானமாக, ஒன்று விடாமல் எழுத வேண்டும்.

காலையில் பூவாத்தாள் தலைக்குக் குளித்து, பட்டுச்சேலை கட்டி, கதம்பமும் கற்பூரமும் ஒரு புதுத் துண்டும் பையில் எடுத்து வைத்துக்கொண்டாள். “திருப்புளிய எடுத்துக்கங்க” என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

கம்பெனியில் பாதுகாப்பு நாள் மேடை போட்டு, யாரோ ஒரு கோட்டுப் போட்டவர் பேசிக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் என்னை நிறுத்தினான். பூவாத்தாள் அவனிடம், “என்ற தங்கச்சி செத்த நாளு கண்ணு. சாமி கும்பட வந்தேன்” என்றாள். அவன் விட்டுவிட்டான். முப்பத்தேழு வருஷமாகச் சட்டம் சொல்லி நான் திறக்கும் கேட்டை அவள் ஒரு வாக்கியத்தில் திறந்தாள்.

நேராக மாடிக்குப் போனாள். கூட்டத்துக்குப் போகாமல் ஹாலில் பாதிப் பேர் தைத்துக்கொண்டுதான் இருந்தார்கள், ஷிப்மெண்ட் அவசரம். பேச்சியம்மாள் எழுந்து வந்தாள்.

“நீங்க யாரும்மா?”

“நோட்டீசுல முதல் வரி படிச்சியா அம்மிணி? தாப்பாளத் தொறந்தவளோட அக்கா நான்.”

மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

“இவரு கும்படாதவரு. நான் கும்படறவ. நான் எறக்குனா ஆருக்குக் காச்சல் வந்தாலும் என்னையக் கேளுங்க. எங்க வூடு செட்டிபாளையத்துக்குள்ள தண்ணித்தொட்டிக்குப் பக்கத்துல.”

பூவாத்தாள் கற்பூரம் ஏற்றிக் காட்டினாள். எல்லோரும் கும்பிட்டார்கள். நானும் நின்றேன், கையைக் கட்டிக்கொண்டு. பிறகு முருகனை எடுத்துத் துண்டில் சுற்றினாள். லட்சுமியைப் பேச்சியம்மாளே வாங்கிக்கொண்டாள். மாதாவை ஒரு கிறிஸ்தவப் பெண் ஓடிவந்து எடுத்தாள். முன்கதவை ஒட்டி, கால் படாத உயரத்தில், சுவரில் வைப்பது என்று முடிவாகியது. “நாலு நாள்ல பழகிரும்” என்றாள் பூவாத்தாள்.

பலகை மட்டும் மீதி. “இத அவரு எடுக்கட்டும்” என்றாள்.

ஆறு ஸ்க்ரூ. முதல் இரண்டு சுலபமாக வந்தன. மூன்றாவதில் திருப்புளி நழுவி என் கட்டைவிரலைக் கீறியது. பேச்சியம்மாள் கையை நீட்டி, “குடுங்கய்யா, நான் எடுக்கறேன்” என்றாள். கொடுக்கவில்லை. ஆறையும் நான்தான் எடுத்தேன். பலகையைக் கீழே வைத்தபோது மோகனசுந்தரம் மேலே வந்துவிட்டான். பின்னாலேயே கோட்டுக்காரர்.

“என்ன நடக்குது இங்க?”

“பாதுகாப்பு நாளுங்க சார்” என்றாள் பேச்சியம்மாள்.

தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. எண்ணெய் விட்டு இழுத்தார்கள். கதவு வரவில்லை. மழைத்தண்ணீரில் ஊறிப் பருத்திருந்தது. மூன்று பெண்கள் தோளைக் கொடுத்தார்கள். நாலாவது முட்டில் கதவின் இரண்டு பாதியும் அடித்துக்கொண்டு திறந்தன. வெயில் ஹாலுக்குள் பாய்ந்து, மிஷின்மேலெல்லாம் பஞ்சுத்தூள் பறப்பது தெரிந்தது.

“எறங்கிப் பாக்கலாமா?” என்று பேச்சியம்மாள் கேட்டாள். என்னைத்தான் கேட்டாள். மோகனசுந்தரத்தைக் கேட்கவில்லை.

கீழே கூட்டத்தில் இருந்தவர்களையும் மேலே வரச் சொல்லி, அவரவர் மிஷினில் உட்காரவைத்து, நான் விசில் ஊதினேன். விசில் வாட்ச்மேனுடையது. இன்றைக்கு வேலைக்கு வந்திருந்த நூற்று முப்பத்தாறு பேர் அந்த இரும்புப் படியில் இறங்கிச் சந்தில் நின்றபோது என் கடிகாரத்தில் மூன்று நிமிஷம் பத்து விநாடி. மெதுவு. இரண்டு நிமிஷத்தில் இறங்க வேண்டும், மறுபடி ஏறுங்கள் என்றேன். திட்டிக்கொண்டே ஏறினார்கள். இரண்டாவது தடவை இரண்டு நிமிஷம் இருபது. ஒரு கர்ப்பிணிப் பெண்ணை முதல் வரிசைக்கு மாற்றச் சொன்னேன். மாற்றினார்கள்.

நாளையிலிருந்து மத்தியானச் சோற்றுக்கு எல்லோரும் அந்த வழியாகத்தான் இறங்குவது என்று பேச்சியம்மாள் சொல்லிவிட்டாள். “நடந்தாத்தான் அது கதவு” என்றாள். சட்டப்புத்தகத்தில்கூட இவ்வளவு சுருக்கமாக இல்லை.

மோகனசுந்தரம் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்தான். பனியன் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரனுக்கு அனுப்புவான். அனுப்பட்டும். போகும்போது பக்கத்தில் வந்து, “அப்பாவப் பத்தியும் அந்த நோட்டீசுல போட்டிருக்கறீங்க” என்றான்.

“ஆமா. அடுத்த வருசமும் போடுவேன். என்னையப் பத்தியும் போடுவேன்.”

தலையை ஆட்டிக்கொண்டு போனான். எங்களுக்குள் சமாதானம் ஒன்றும் ஆகவில்லை. ஆக வேண்டிய அவசியமும் இல்லை.

கீழே சந்தில் பதினோரு பேரையும் பேர் சொல்லிப் படித்தேன். துளசிமணியின் பேரை முதலில் படித்தேன், பூவாத்தாள் சொன்னபடி. இத்தனை வருஷமும் அந்தப் பேர்களை நான் கோபத்தோடு படித்தவன். இன்று குரல் கொஞ்சமும் பிசிறவில்லை. புகைக்குள் கதவைக் கண்டுபிடித்த பெண் எங்கள் வீட்டுப் பெண். இதை நான் யாரிடமும் தலைநிமிர்ந்து சொல்வேன்.

பஸ்ஸில் வரும்போது பூவாத்தாள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் பேசினாள்.

“ஸ்கூலுக்குப் பின்னால ஒரு கம்பெனி இருக்குதுங்களே, நீங்க பூட்டக் கழட்ட வெச்சது. அங்க வேல பாக்கற புள்ள கோயில்ல சொன்னா. மாடீல கதவு மேல மாரியாத்தா படம் வெச்சிருக்கறாங்களாம்.”

“வெள்ளிக்கெழம போயிப் பேசறேன்.”

“நீங்க பேச வேண்டாம். நீங்க பேசுனாச் சண்டையாயிரும். நான் பேசறேன்.”

முப்பத்தேழு வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கும் என்னைப் பார்த்து இதைச் சொல்கிறாள். பதில் சொல்ல வாயெடுத்தேன். அவள் ஏற்கெனவே ஜன்னலுக்கு வெளியே, போகும் வழியில் உள்ள கம்பெனிகளின் மாடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விரலில் மருந்து போட்டுக்கொண்டேன். திருப்புளியைத் துடைத்து எடுத்து வைத்திருக்கிறேன். நாற்பத்தொரு கம்பெனிகளுக்கும் முதலிலிருந்து போக வேண்டும்.